பிளேட்: தட்டா, தகடா, பலகையா?

காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாட்டணும். ரெண்டு பிளேட் இட்லி. பேச்சில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும். தமிழில் எழுத உட்கார்ந்தால் மூன்றும் தனித்தனி வழியில் போகும்.

'பிளேட்' என்பதன் வேர் கிரேக்கத்தின் 'பிளாத்தூஸ்'. அகன்ற, தட்டையான என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வடிவம் தட்டையாக இருந்தால் அந்தச் சொல்லுக்குப் போதும். தமிழோ அந்தத் தட்டைப் பொருள் எதற்கு உதவுகிறது என்றும் கேட்கிறது.

ஏந்துவது தட்டு: சோற்றுத் தட்டு, ஆரத்தித் தட்டு, தராசுத் தட்டு. வடை தட்டுகிறோம், வறட்டி தட்டுகிறோம். அகராதிகள் இந்த வினையையும் பெயரையும் எப்படிப் பிரித்து வைத்தாலும் காதுக்கு உறவாகவே கேட்கின்றன. இசைத்தட்டு, பறக்கும் தட்டு, மேல்தட்டு மக்கள் என்று இச்சொல் வெகுதூரம் போய்விட்டது. நெல்லைப் பக்கம் மொட்டைமாடியே தட்டட்டிதான்.

மெல்லிய உலோகம் என்றால் தகடு. முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்துவதும் பேட்டரிக்குள் இருப்பதும் இதுவே. ஆனால் தகடு செய்யும் வேலை மாறினால் பெயரும் மாறிவிடும். சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் தகடுகள் என்பது மரபு; மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் கணக்காம் அது. கூரைமேல் ஏறியதும் அவை பொன் ஓடுகள் ஆகிவிடுகின்றன. செம்புத் தகட்டில் அரசாணையை வெட்டினால் அது செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டனில் நெடுங்காலம் இருந்த பெரிய லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள், சோழர் முத்திரையிட்ட வளையத்தில் கோத்தவை. பனையோலைக்கு வழங்கிய 'ஏடு' செம்புக்கும் வந்தது எழுத்தால்தான். பாலேடு மட்டும் எழுத்தில்லாமலே ஏடு, மெல்லியதாகப் படர்வதால்.

நம்பர் பிளேட் அலுமினியத் தகடுதான். ஆனாலும் 'எண் தகடு' என்பதைவிட 'எண் பலகை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெயர்ப்பலகை, அறிவிப்புப் பலகை, கரும்பலகை என்று நாலுபேர் பார்த்துப் படிக்க வைப்பதெல்லாம் பலகை. மரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எப்போதோ போய்விட்டது; சிலேட்டைக் கற்பலகை என்றுதானே சொன்னோம்? இச்சொல்லை வடமொழி 'பலக'வோடு இணைப்பார்கள்.

சிக்கல் நிலவியலில். பூமியின் மேற்புறமாக இருக்கும் பெரும் பாறைத் துண்டுகளையும் அங்கே பிளேட் என்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு 'புவித்தட்டு' எல்லார் வாயிலும் புழங்கியது. இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகியதால் வந்த நிலநடுக்கம் அது. சுமார் 100 கிலோமீட்டர் தடிமனுள்ள பாறையைத் தட்டு என்பது கொஞ்சம் இடிக்கிறது. 'பாளம்' பொருந்தியிருக்கும். கோடையில் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இந்தத் துண்டுகளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாடநூலில் ஏறிவிட்ட சொல்லை இறக்குவது கடினம். 'புவித்தட்டு' என்றே எழுதலாம். தகடு, பலகை இரண்டும் அங்கே வேண்டாம்.

இட்லிக்கு மட்டும் எதுவும் ஒட்டாது. அங்கே பிளேட் என்பது பாத்திரம் அல்ல, அளவு. 'ஒரு தட்டு இட்லி' என்று கேட்டால், கடைக்காரர் தட்டு இட்லியா என்று திருப்பிக் கேட்பார்.