கேச்: பதுக்கியதும் பதுங்கியதும்

போன் தடுமாறத் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் வைத்தியம், "கேச் கிளியர் பண்ணிப் பாரு." பண்ணியும் பார்ப்போம். எதை அழித்தோம், அது எங்கே இருந்தது, அங்கே ஏன் இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. சொல்லே பிடிபடவில்லை. ஒருவர் 'கேட்ச்' என்கிறார், இன்னொருவர் 'கேச்சே' என்கிறார், மூன்றாமவர் 'கேஷ்' என்று எழுதிவிட்டு, படிப்பவர் பணத்தை நினைத்துக்கொள்வாரோ என்று தயங்குகிறார். ஒலிக்கு மிக அருகில் இருப்பவர் அந்த மூன்றாமவர்தான். ஆங்கிலத்தில் கைப்பணத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒரே உச்சரிப்பு, எழுத்துக்கூட்டில்தான் வேறுபாடு. தமிழில் அந்த இடத்தில் பணம் முன்பே உட்கார்ந்துவிட்டதால் இது 'கேச்' என்று ஒதுங்கிக்கொண்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிறப்பு பிரெஞ்சு மொழியில். 'கஷே' என்றால் ஒளித்துவை. அதிலிருந்து வந்த 'கஷ்', ஒளித்துவைக்கும் இடம். இன்னும் பின்னே போனால் 'ஒன்றாக நெருக்கு, அமுக்கு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் போய் நிற்கிறது. வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோல் வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர்கள், திரும்பும் வழியில் தேவைப்படும் பொருள்களைக் குழிதோண்டி மறைத்துவைத்துவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அலைய முடியாது. தேவை வந்தபின் வெகுதூரம் போய் எடுத்துவரவும் முடியாது. அந்த மறைவிடம்தான் கேச். ஆங்கிலம் சொல்லை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கணினிக்குள் இது நுழைந்தது ஓர் இதழாசிரியரின் கையால். அதற்கு முன்பே கருத்து வந்துவிட்டது. பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான ஒன்றை வைத்து, அண்மையில் பயன்பட்டவற்றை அதில் பிடித்துவைக்கலாம் என்று 1965இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் வைத்த பெயர் 'அடிமை நினைவகம்'. அந்தப் பெயர் நிலைக்காமல் போனது நல்லதுதான். 1968இல் ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 வரிசையின் மாடல் 85 கணினியை அறிவித்தது. அதைப் பற்றி அந்த நிறுவனத்தின் ஆய்விதழுக்கு வந்த கட்டுரைகளில் இந்தப் பகுதிக்கு 'அதிவேக இடையகம்' என்றே பெயர் இருந்தது. இதழாசிரியர் லைல் ஜான்சன் இன்னும் எடுப்பான ஒரு பெயர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. அவரே 'கேச்' என்றார். ஒட்டிக்கொண்டது. அந்த முதல் கேச்சின் அளவு 16 கிலோபைட்.

ஒளித்துவைத்தது என்ற பெயர் இங்கே பொருந்துவதற்குக் காரணம் உண்டு. நிரல் எழுதுபவர் 'கேச்சிலிருந்து எடு' என்று சொல்வதில்லை. வழக்கம்போல் நினைவகத்தைக் கேட்கிறார். கேட்டது கேச்சில் இருந்தால் சட்டென்று வருகிறது, இல்லாவிட்டால் சற்றுத் தாமதமாக வருகிறது. நடுவில் இப்படி ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படுவதில்லை. அதைவிட முக்கியமான பண்பு இன்னொன்று: கேச்சில் இருப்பது நகல். மூலம் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது, அல்லது மறுபடி உருவாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. கேச் காணாமல் போனால் நேரம்தான் போகும், பொருள் போகாது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்ட்ராய்டுக்குள் போகலாம்.

அங்கே இந்தச் சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் வருகிறது. குழப்பம் முழுவதும் அதனால் வந்ததுதான்.

முதல் இடம் சேமிப்பகம். அமைப்புகளில் ஏதாவது ஒரு செயலியைத் திறந்து, சேமிப்பகம் என்ற வரியைத் தட்டினால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று கேச்சை அழிக்கும், மற்றது அந்தச் செயலியின் தரவு மொத்தத்தையும் அழிக்கும். ஒவ்வொரு செயலிக்கும் கேச்சுக்கென்றே ஒரு கோப்புறையை ஆண்ட்ராய்டு ஒதுக்கித் தருகிறது. இணையத்திலிருந்து இறக்கிய படங்களின் சிறு வடிவம், வரைபடத்தின் துண்டுகள், ஏற்கெனவே பார்த்த பக்கங்கள் எல்லாம் அதில் சேரும். சேமிப்பகத்தில் இடம் நெருக்கினால் செயலியைக் கேட்காமலே அந்தக் கோப்புறையைத் துடைக்க ஆண்ட்ராய்டுக்கு உரிமை உண்டு. ஆகவே அங்கே இழக்கக் கூடாத எதையும் வைக்கக் கூடாது என்பது செயலி எழுதுபவர்களுக்கான விதி. ஆண்ட்ராய்டு 12 முதல், பல மாதங்கள் தொடாமல் கிடக்கும் செயலிகளின் கேச்சை அதுவே காலி செய்துவிடுகிறது.

இரண்டாவது பொத்தான் வேறு சாதி. கணக்கு நுழைவு, அமைப்புகள், செயலி தன்னுள்ளே வைத்திருக்கும் தரவுத்தளம் எல்லாம் அதில் போய்விடும். நேற்றுத்தான் நிறுவியதுபோல் செயலி வெறுமையாகத் திறக்கும். குறிப்பெழுதும் செயலி ஒன்றில் அவசரத்தில் இந்தப் பொத்தானை அழுத்தி, எங்கும் நகல் எடுத்துவைக்காத இரண்டு மாதக் குறிப்புகளைத் தொலைத்தவன் நான். 'ஏதோ தற்காலிகமானது, அழிந்தால் என்ன' என்று நினைத்துத்தான் அழுத்தினேன். பொத்தான்கள் இரண்டும் அருகருகே இருந்தன. சொற்களும் எனக்கு அப்போது அப்படித்தான் இருந்தன.

இரண்டாவது இடம் ரேம், ஓடும் செயலிகள் தங்கும் வேகமான நினைவகம். இங்கே கேச் என்பது கோப்பு அல்ல, உயிரோடு இருக்கும் ஒரு முழுச் செயலி. நாம் ஒரு செயலியை விட்டு வேறொன்றுக்குப் போகும்போது ஆண்ட்ராய்டு முன்னதை உடனே மூடுவதில்லை. திரையிலிருந்து இறக்கி, வேலை எதுவும் கொடுக்காமல், ரேமிலேயே விட்டுவைக்கிறது. திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ரேமில் இப்படி உயிரோடு இருக்கும் செயலியைச் 'செயல்முறை' என்பார்கள். இந்த நிலைக்கு ஆண்ட்ராய்டின் உள்மொழியில் பெயர் 'கேச் செய்யப்பட்ட செயல்முறை'. சும்மா கிடக்கும் ரேம் வீண்தான் என்ற கொள்கையில் கட்டப்பட்டது ஆண்ட்ராய்டு. ரேமில் பெரும்பகுதி நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு இது எளிதில் விளங்குவதில்லை.

நிரம்பிய பிறகு புதிதாக ஒன்றுக்கு இடம் வேண்டுமானால்? ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் எண் இருக்கிறது. திரையில் நம் கண்முன் இருப்பதற்கு 0. பாட்டு ஓடிக்கொண்டிருப்பதுபோல், திரையில் இல்லாவிட்டாலும் நாம் உணரக்கூடியதற்கு 200. முகப்புத் திரைக்கு 600. சற்றுமுன் விட்டுவந்த செயலிக்கு 700. கேச்சில் கிடப்பவற்றுக்கு 900 முதல் 999 வரை. எண் பெரிதாக இருப்பதுதான் முதலில் பலி. இந்த வேலையைச் செய்யும் 'எல்.எம்.கே.டி' என்ற காவலாளி ரேம் இறுகும்போது மட்டும் எழுந்து, 999 பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு முன்பே, நெடுநேரம் தொடாத நினைவகத் துண்டுகளைச் சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் அடுக்கும் 'இசட்ரேம்' ஏற்பாடும் உண்டு. நாம் விரலால் செய்ய நினைக்கும் வேலையை உள்ளே ஏற்கெனவே ஒருவர் கணக்குப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறார்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிறு சோதனை. போனை அணைத்து மறுபடி இயக்குங்கள். வேறெதையும் திறக்காமல் அண்மைச் செயலிகளின் அட்டைகளைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் நேற்றைய அட்டைகள் அப்படியே வரிசையாக நிற்கும். போன் அணைந்து எழுந்திருக்கிறது. ரேமில் நேற்றையது எதுவும் இருக்க வழியில்லை. ஆக அந்த அட்டைகள் 'ஓடிக்கொண்டிருப்பவை' அல்ல, 'போய்வந்த இடங்கள்'. அவற்றை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று நிம்மதியடைவது, பயணக் குறிப்பேட்டைக் கிழித்துவிட்டுப் பயணக் களைப்பு தீர்ந்தது என்பதுபோல.

உண்மையில் ஓடுபவற்றைக் காண வேறு கதவு. போனைப் பற்றிய பக்கத்தில் பில்ட் எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதில் 'இயங்கும் சேவைகள்' என்று ஒரு பக்கம் உண்டு. சில தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிடுகிறார்கள். இருந்தால், மேலே மூன்று புள்ளிகளைத் தட்டிக் கேச் செய்யப்பட்டவற்றைக் காட்டச் சொல்லலாம். நான் முதன்முறை பார்த்தபோது அங்கே இருபதுக்கு மேல் இருந்தன. போன் அப்போது வேகமாகத்தான் இருந்தது.

அட்டையைத் தள்ளினால் என்ன ஆகும் என்றால், கேச்சில் கிடந்த செயல்முறை பெரும்பாலும் கொல்லப்படும். அடுத்த முறை அதைத் திறக்கும்போது செயல்முறையைப் புதிதாகப் பிறப்பித்து, நிரலை ஏற்றி, திரையைக் கட்ட வேண்டும். ரேமில் இருந்ததை முன்னே கொண்டுவருவதைவிட இதற்கு அதிக நேரமும் மின்கலமும் செலவாகும். தினமும் பத்து முறை திறக்கும் செயலியைப் பத்து முறை தள்ளுபவர் இதைப் பத்து முறை செய்கிறார். ஒரு செயலி உறைந்துபோனாலோ, பின்னணியில் மின்கலத்தைத் தின்றாலோ அதைக் கட்டாயமாக நிறுத்துவது சரி. ஆனால் அப்படி நிறுத்தியதை நாம் மறுபடி திறக்கும்வரை அது தானாக எழாது. அதன் அறிவிப்புகளும் வராது. 'செய்தி வந்ததே தெரியவில்லை' என்ற புகார்களில் சில இங்கிருந்து கிளம்புபவை.

இப்போது தமிழுக்கு வருவோம்.

தமிழ் இடைமுகங்களில் அதிகம் கண்ணில் படுவது 'தற்காலிகச் சேமிப்பு'. படித்த உடனே புரிவதுபோல் இருக்கும், அதுதான் சிக்கல். தற்காலிகம் என்பது ஆயுளைச் சொல்கிறது, நோக்கத்தைச் சொல்லவில்லை. பாதியில் நிற்கும் பதிவிறக்கமும் தற்காலிகம்தான். அது கேச் அல்ல. போதாததற்கு ரேமையும் 'தற்காலிக நினைவகம்' என்று விளக்கும் பழக்கம் இருக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. 'விரைவு நினைவகம்' வேகத்தைச் சொல்கிறது, பிராசசர் சில்லுக்குள் இருக்கும் கேச்சுக்குப் பொருந்தும், கோப்புறைக்குப் பொருந்தாது. 'இடைமாற்று' என்பதையும் சிலர் ஆள்கிறார்கள். மாற்றிக்கொள்வது, பரிமாறுவது என்று வேறு திசைக்கு இழுக்கிறது.

எனக்குப் பிடித்தது 'பதுக்ககம்'. பதுக்கு என்பதோடு 'அகம்' சேர்ந்தது. பிரெஞ்சு வினையின் அதே பொருள், அதே படம், மொழிபெயர்த்தது என்ற வாடையே இல்லை. இந்தச் சொல்லில் இன்னும் ஒரு வசதி இருக்கிறது. தமிழில் இந்த வேர் இரட்டையாக நிற்கிறது: பதுங்கு, பதுக்கு. ஒதுங்கு–ஒதுக்கு, அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போல மெல்லினம் வந்தால் தன்வினை, வல்லினம் இரட்டித்தால் பிறவினை. தானே மறைந்துகொண்டால் பதுங்குவது. இன்னொன்றை மறைத்தால் பதுக்குவது.

ஆண்ட்ராய்டின் இரண்டு கேச்சையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். செயலி ஒன்று படத்தின் நகலைக் கோப்புறையில் போட்டுவைக்கிறது: அது பதுக்கிய தரவு. செயலியே ரேமில் அசையாமல் கிடக்கிறது: அது பதுங்கிய செயலி. ஆங்கிலம் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிய இடத்தில் ஒரு மெல்லின எழுத்து வேலையை முடித்துவிடுகிறது. புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்ற பழமொழி ரேமுக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. ரேமில் பதுங்கியிருப்பது சோம்பிக் கிடக்கவில்லை. விரல் பட்டதும் திரைக்குப் பாயத்தான் அங்கே இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்துக் கொன்றுவிட்டு, பாயவில்லையே என்று நொந்துகொள்கிறோம்.

மறுப்பு வரும், தெரியும். பதுக்கல் என்றாலே கள்ளச் சந்தை நினைவுக்கு வருகிறது, கெட்ட சொல்லாயிற்றே என்பார்கள். ஆங்கிலச் செய்திகளில் மறைத்துவைத்த ஆயுதக் குவியலுக்கும் இதே கேச்தான் பெயர். அதனால் அங்கே கணினிக்காரர்கள் யாரும் சொல்லைக் கைவிடவில்லை. பதுங்குகுழி என்ற சொல்லும் நம்மிடம் கண்ணியமாகத்தான் புழங்குகிறது. சூழலில் வைத்துப் பயன்படுத்தினால் பழகிவிடும்: 'உலாவியின் பதுக்ககம் 2 ஜிபியைத் தாண்டிவிட்டது.' 'அந்தச் செயலி ஓடவில்லை, பதுங்கியிருக்கிறது.' 'பதுக்கியதை மட்டும் நீக்கு, தரவைத் தொடாதே.'

இன்னொரு சொல் மீதம் இருக்கிறது. கேச்சைக் 'கிளியர்' செய்வதற்கு 'அழி' என்று போடுகிறார்கள். தரவுக்கும் 'அழி', பதுக்ககத்துக்கும் 'அழி' என்றால் இரண்டு பொத்தானும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. தரவை 'அழி' என்று வைத்துக்கொண்டு, பதுக்ககத்தைக் 'காலி செய்' என்று எழுதியிருந்தால் என் குறிப்புகள் பிழைத்திருக்கும்.