ஏற்றத்தாழ்வா, ஓரவஞ்சனையா?

நியாயமற்ற வேறுபாட்டைக் குறிக்கும் 'இன்ஈக்விட்டி' என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்திலெல்லாம் 'ஏற்றத்தாழ்வு' என்று எழுதிவிட்டு நகர்வது, சுற்றுச்சூழல் அறிக்கைகளைத் தமிழாக்குவோருக்கு வழக்கமாகிவிட்டது. 'காற்று மாசு ஏற்றத்தாழ்வுகளை ஆய்வதில் இளைஞர்களை ஈடுபடுத்துதல்' என்பது போன்ற தலைப்பைப் படிக்கும் தமிழர், காலையில் கூடி நண்பகலில் தணிந்து மாலையில் மீண்டும் கூடும் மாசின் அளவை மாணவர்கள் குறித்துவைக்கப் போகிறார்கள் என்றே புரிந்துகொள்வார். 'சமூக ஏற்றத்தாழ்வு' என்னும்போது முன்னால் நிற்கும் அடை பொருளைக் காப்பாற்றுகிறது. 'காற்று மாசு' என்ற அடைக்கு அந்த வலிமை கிடையாது, ஏனெனில் மாசு உண்மையிலேயே ஏறி இறங்கும் பொருள்.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளியது. மேடுபள்ளமற்றது, நேர்மையானது என்ற இரு பொருளும் கொண்ட 'ஈக்வஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே சமத்துவத்தைக் குறிக்கும் 'ஈக்வாலிட்டி'யும் நேர்மையைக் குறிக்கும் 'ஈக்விட்டி'யும் கிளைத்தன. கொடுமையைக் குறிக்கும் 'இனிக்விட்டி'யும் அதே வேரினதுதான். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகத்துக்காக 1990இல் பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் ஒயிட்ஹெட் எழுதிய விளக்கத்தின்படி, தேவையற்றதும் தவிர்க்கக்கூடியதும் அதற்கு மேல் நியாயமற்றதுமான வேறுபாடே இன்ஈக்விட்டி. வெறும் வேறுபாடு ஆகாது.

இந்த நுட்பம் ஏன் முக்கியம் என்பதற்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நல்ல சான்று. மன்ஹாட்டன் தீவின் பேருந்துப் பணிமனைகளில் பெரும்பாலானவை, கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் மிகுதியாக வாழ்ந்த, ஹார்லெம் உள்ள அதன் வடபகுதியிலேயே அமைக்கப்பட்டிருந்தன. 1988இல் அங்கே தொடங்கப்பட்ட 'வீ ஆக்ட்' என்ற சுற்றுச்சூழல் நீதி அமைப்பு, 1996 கோடையில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நான்கு தெருச் சந்திப்புகளில் காற்றை அளந்தது. அப்பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அளவிகளைச் சுமந்து நின்றதோடு, கடந்து சென்ற லாரிகளையும் பேருந்துகளையும் நடந்து சென்றவர்களையும் எண்ணினார்கள். பிஎம் 2.5 நுண்துகள் நான்கு இடங்களிலும் கன மீட்டருக்குச் சராசரியாக 37 முதல் 47 மைக்ரோகிராம் வரை இருந்தது, பெரிய வேறுபாடில்லை. டீசல் புகையின் அடையாளமான கரியோ 1.5 முதல் 6 வரை, அதாவது நான்கு மடங்கு வேறுபட்டது. பேருந்தும் லாரியும் மிகுந்த இடத்தில் அதுவும் மிகுந்தது. பணிமனையை எங்கே வைப்பது என்று யாரோ எடுத்த முடிவு அந்தக் கரியில் தெரிகிறது. அதைப் போய் 'ஏற்றத்தாழ்வு' என்று எழுதினால் முடிவெடுத்தவர் தப்பிவிடுகிறார், பழி காற்றின் மேல் விழுகிறது.

முதலில் காட்டிய தலைப்பில் வரும் 'ஈடுபடுத்துதல்' பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் அச்சொல்லை நாம் அடிக்கடி காண்பது 'குழந்தைகளைப் பணியில் ஈடுபடுத்துவது குற்றம்' என்ற அறிவிப்புப் பலகையில். தம் தெருவின் வண்டிகளைத் தாமே எண்ணிய மாணவர்களுக்கு அது பொருந்தாது. 'இளையோரும் சேர்ந்து நடத்தும் ஆய்வு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

'ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லை மறுப்பவர்கள் முன்வைக்கும் மாற்றுகளும் தேறவில்லை. 'சமத்துவமின்மை' பொருளில் சற்றே நெருங்கி வருகிறது, ஆனால் 'காற்று மாசில் சமத்துவமின்மை' என்று குறை சொன்னால், ஊருக்கெல்லாம் ஒரே அளவு புகையைப் பங்கிட்டால் சரியாகிவிடும் என்ற விபரீதப் பொருள் வந்து சேர்கிறது. தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'ஒப்புரவின்மை' என்கிறார்கள். ஓசை நன்று; பொருள்தான் இடிக்கிறது. திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரம் பேசுவது, மழையைப் போலக் கைம்மாறு கருதாமல் ஊருக்கு உதவும் செல்வரின் கடமையை. அங்கே பெறுபவர் உரிமை கேட்பதில்லை, கொடுப்பவர் மனம் வைக்கிறார். நல்ல காற்றைக் கேட்கும் ஹார்லெம் மாணவரை அந்த வரிசையில் நிறுத்துவது, சொல் தூய்மைக்காக அவருடைய வழக்கையே தள்ளுபடி செய்வதாகும். வேரை மட்டும் பார்த்துச் சொல்லை எடுத்து, அது வாழ்ந்த இடத்தைப் பார்க்காமல் விடுவது நம் சொல்லாக்கக் குழுக்களின் பழைய நோய்.

வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கும் சொல் 'ஓரவஞ்சனை'. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்புமாக மூத்தவனையும் இளையவனையும் நடத்துகிற தாயைப் பார்த்து ஊர் சொல்லும் சொல் அதுதான். நன்மை தீமைகளைப் பங்கிடும் அதிகாரம் உள்ளவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. 'ஓரம்' என்பதற்குப் பாரபட்சம் என்ற பொருள் பழையது: வழக்கு மன்றத்தில் ஓரம் பேசியவர் வீட்டில் வேதாளம் சேரும் என்று நல்வழி சபிக்கிறது, 'மன்றோரம் சொன்னார் மனை' என்று. 'வஞ்சனை' வடசொல்லாயிற்றே என்பவர்களுக்கு என் பதில், பாட்டிக்குப் புரியும் வடசொல் பேராசிரியருக்கு மட்டும் புரியும் செந்தமிழ்ச் சொல்லைவிட மேல் என்பதே.

ஓரவஞ்சனை என்றால் வேண்டுமென்றே செய்தது என்றாகாதா என்ற மறுப்புக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஒயிட்ஹெட்டின் விளக்கம் உள்நோக்கத்தைக் கேட்பதில்லை. அது உறுத்தும் அறிவியல் கட்டுரைகளில் 'நியாயமற்ற வேறுபாடு' என்று விரித்தே எழுதலாம். இரண்டு சொல்லானாலும் தவறில்லை. நேர்ச்சொல்லான 'ஈக்விட்டி'க்கு நான் 'நடுவுநிலை'யைப் பரிந்துரைப்பேன், ஓரத்துக்கு எதிர் நடு என்பதால். பங்குச்சந்தைக்காரர்கள் அதே ஆங்கிலச் சொல்லுக்கு எழுதும் 'பங்கு' வேறு வழக்கு. அதை இதோடு குழப்ப வேண்டியதில்லை.