தொங்கு நாடாளுமன்றம்: தொங்குவது எது?

2017 ஏப்ரல் 18. பிரிட்டன் பிரதமர் தெரசா மே, டவுனிங் தெருவில் தன் அலுவலக வாசலில் நின்று, ஜூன் 8 அன்று பொதுத்தேர்தல் என்று அறிவித்தார். அன்றைக்கே பிபிசி நிருபர் ஒருவர் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு மூதாட்டியிடம் மைக்கை நீட்டி விஷயத்தைச் சொன்னார். "விளையாடுறீங்களா? இன்னொன்றா!" என்று அந்த அம்மா பதறிப்போனார். நாட்டில் அரசியல் அளவுக்கு மீறிப் போய்விட்டது, இது எதற்கு இப்போது என்று கேட்டார். சில விநாடிப் பேச்சுதான். நாடே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. 2015-ல் பொதுத்தேர்தல், 2016 ஜூன் 23-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற பிரெக்சிட் பொதுவாக்கெடுப்பு, உடனே இன்னொரு தேர்தல் என்று சலித்துக் கிடந்த மக்களின் குரல் அது.

ஏழு வாரம் கழித்து அந்தத் தேர்தல் முடிந்தது. ஆனால் எதையும் முடிக்கவில்லை. மறுநாள் தமிழ்ச் செய்திகளில் ஒரு சொல் வந்தது: தொங்கு நாடாளுமன்றம். எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். இருந்தாலும், இதில் தொங்குவது எது என்று நின்று யோசித்தால் விடை சுலபமாகக் கிடைப்பதில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பிரிட்டன் மக்களவையில் மொத்தம் 650 இடங்கள். 326 இடங்களைப் பிடிக்கும் கட்சி யாருடைய தயவும் இல்லாமல் ஆளலாம். அந்த எண்ணிக்கையை எந்தக் கட்சியும் தொடாத அவையைத்தான் ஆங்கிலத்தில் 'ஹங் பார்லிமென்ட்' என்கிறார்கள். 2017-ல் மேயின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு, சபாநாயகரைச் சேர்க்காமல், 317 இடங்கள். எதிரே ஜெரமி கார்பினின் தொழிற்கட்சிக்கு 262. தேர்தலை அறிவித்தபோது கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளி அளவுக்கு முன்னணியில் இருந்த பிரதமர், கையில் இருந்த பெரும்பான்மையையும் தொலைத்துவிட்டு நின்றார். வாக்குப்பதிவு முடிந்த இரவு 10 மணிக்கு வெளியான வாக்குச்சாவடிக் கணிப்பு 314 என்று சொன்னபோது நம்ப மறுத்தவர்கள் நிறைய. பவுண்டின் மதிப்பு உடனே சரிந்தது. லண்டன் கென்சிங்டன் தொகுதியில் பலமுறை திரும்ப எண்ணிய பிறகு தொழிற்கட்சி 20 வாக்கில் வென்றது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் தொகுதியில் வித்தியாசம் வெறும் 2 வாக்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி 7 இடங்களில் வென்றது. பிரிட்டன் அரசருக்கோ அரசிக்கோ விசுவாச உறுதிமொழி எடுக்க மாட்டோம் என்பது அவர்கள் நெடுங்காலக் கொள்கை. அதனால் வென்றும் அவைக்குப் போவதில்லை. வாக்களிக்காத சபாநாயகரையும் அவருடைய துணைவர்களையும் கழித்துப் பார்த்தால், நடைமுறையில் தேவைப்படும் எண் 326-ஐ விடக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணுக்கும் 317 போதாது.

சரி, சொல்லுக்கு வருவோம். இதன் பூர்வீகம் நாடாளுமன்றம் இல்லை, நீதிமன்றம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஒருமித்த தீர்ப்புக்கு வர முடியாமல் திணறிய ஜூரிக் குழுவை 'ஹங் ஜூரி' என்று சொல்லத் தொடங்கினார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒருவரோ இருவரோ ஒத்துவர மாட்டார்கள். வழக்கு நகராது. இங்கே 'ஹங்' என்பதற்குக் கயிற்றில் தொங்குவது பொருள் இல்லை, சிக்கிக்கொண்டு நகராமல் நிற்பதுதான். நாமே இந்தப் பொருளில் தினமும் சொல்கிறோமே: "போன் ஹேங் ஆகிடுச்சு." அதைக் கேட்டு யாரும் போன் எங்கேயோ தொங்குவதாக நினைப்பதில்லை. திரை உறைந்துவிட்டது, தொட்டால் அசையவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

இந்த ஜூரிச் சொல்லைப் பிரிட்டன் அரசியலுக்குள் பரவலாகக் கொண்டுவந்தது 1974. அந்த ஆண்டு பிப்ரவரி 28-ல் நடந்த தேர்தலில் ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சிக்கு 301, பிரதமராக இருந்த எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 297. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஹீத் உடனே பதவி விலகவில்லை. லிபரல் கட்சித் தலைவரோடு பேசிப் பார்த்தார். அது கைகூடாமல் மார்ச் 4-ல் விலகினார். வில்சன் சிறுபான்மை அரசை அமைத்து, அக்டோபரில் மறுபடி தேர்தலுக்குப் போனார். சிறிய கட்சியான லிபரல்களுக்கு 'ஹங்' என்ற சொல் பிடிக்கவில்லை. அவர்கள் 'சமநிலை நாடாளுமன்றம்' என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பக்கமாகச் சாயாமல் சீர்தூக்கும் அவை என்ற நல்ல பொருள் அதில் இருந்தது. ஆனால் நிலைக்கவில்லை. பெயர் வைப்பதிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'ஹங்' என்றால் கோளாறு, 'சமநிலை' என்றால் நலம். வென்றது கோளாறு.

இந்திய மொழிகள் இந்தச் சொல்லை எப்படி வாங்கிக்கொண்டன என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தியில் 'திரிசங்கு' சபை. விசுவாமித்திரர் உடலோடு சொர்க்கத்துக்கு அனுப்ப, இந்திரன் கீழே தள்ள, இரண்டுக்கும் நடுவில் தலைகீழாக நின்றுபோன அரசனின் பெயர். ஒரே சொல்லில் முழுக்கதையும் வந்துவிடுகிறது. கன்னடத்தில் 'அதந்திர', அதாவது பிடிமானம் இல்லாதது. மலையாளத்தில் 'தூக்கு சபா'. நம் காதில் அது தூக்குமேடையாக ஒலித்தாலும், 'தூக்கு' என்பதில் எடைபோடும் பொருளும் இருக்கிறது.

தமிழ் 'தொங்கு' என்பதை எடுத்துக்கொண்டது. நேரடி மொழிபெயர்ப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. 'தொங்கல்' என்றால் பழைய தமிழில் மாலை, காதில் ஆடுவது தொங்கட்டான், இரு கரைக்கும் நடுவே ஆடுவது தொங்கு பாலம். பேச்சு வழக்கில் "அந்த நிலப் பத்திரம் இன்னும் தொங்கல்ல கிடக்கு" என்றால் முடிவாகவில்லை என்று பொருள். இந்தக் கடைசிப் பொருள்தான் தொங்கு நாடாளுமன்றத்துக்கு உயிர் கொடுத்தது. மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும், அவர் காதில் இந்தத் 'தொங்கல்' ஒலித்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாதியையும் கவனிக்க வேண்டும். 'பார்லிமென்ட்' என்பதன் வேர் பிரெஞ்சில் 'பேசு' என்ற வினை. பேசும் இடம். தமிழில் அதே ஒலியை ஒட்டிப் 'பாராளுமன்றம்' என்று ஆக்கினார்கள். பார் என்றால் உலகம், உலகை ஆளும் மன்றம். ஒலியும் வந்தது, பொருளும் வந்தது, அழகான வார்ப்பு. ஆனால் எந்த நாட்டின் அவையும் உலகை ஆள்வதில்லை என்பதால் தமிழ்நாட்டில் 'நாடாளுமன்றம்' ஊன்றிக்கொண்டது. இலங்கையில் இன்றும் பாராளுமன்றம்தான். லண்டனில் குடியேறிய ஈழத்தமிழர் வாயில் 'பிரித்தானியப் பாராளுமன்றம்' என்றும், சென்னை நாளிதழில் 'பிரிட்டன் நாடாளுமன்றம்' என்றும் வருவது இதனால்தான். இரண்டும் சரி.

கூடவே புழங்கும் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் குழப்பம் வரும். 'தனிப்பெரும்பான்மை' என்றால் ஒரே கட்சி பாதிக்கு மேல் பிடிப்பது. 'அறுதிப் பெரும்பான்மை' என்றால் ஆட்சி யாருக்கு என்று முடிவு செய்துவிடும் பெரும்பான்மை. 'தனிப்பெருங்கட்சி' என்றால் இருப்பவற்றில் பெரியது, அவ்வளவுதான். 2017-ல் மேயின் கட்சி தனிப்பெருங்கட்சி, தனிப்பெரும்பான்மை பெற்ற கட்சி அல்ல. தலைப்பு எழுதுகிறவர்கள் அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். இன்னொன்று, பிரிட்டனில் தனிப்பெருங்கட்சிக்கு முதல் அழைப்பு என்று கட்டாயம் இல்லை. பதவியில் இருக்கும் பிரதமர், அடுத்தவர் யார் என்று தெளிவாகும்வரை இருக்க வேண்டும். 2010-ல் கார்டன் பிரவுன் இதைத்தான் செய்தார். தேர்தல் மே 6-ல் முடிந்தது, அவர் விலகியது 11-ல். அந்த இடைவெளிக்குள் ஒரு நாளிதழ் அவரை, அடுத்தவர் வீட்டில் அத்துமீறிக் குடியிருப்பவர் என்ற பொருளில் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டது. மரபைக் காத்தவர் மேல் விழுந்த பழி அது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2017-க்குத் திரும்புவோம். மே பதவி விலகவில்லை. 10 இடங்கள் வைத்திருந்த வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியோடு ஜூன் 26-ல் உடன்பாடு கண்டார். கூட்டணி ஆட்சி இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வரவு செலவுத் திட்டத்திலும் மட்டும் கைகொடுப்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அது வேண்டாம். 'வெளியிலிருந்து ஆதரவு' என்றால் போதும். 1989-ல் வி.பி. சிங் ஆட்சி, 2006-ல் 234-க்கு 96 இடங்களோடு தமிழ்நாட்டில் அமைந்த தி.மு.க. ஆட்சி என்று நாம் பார்த்துப் பழகிய ஏற்பாடு. 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா ஐந்தாண்டும் சொல்லிக்கொண்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அந்த உடன்பாட்டுக்கு விலை, வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு. மக்கள் கொதித்தது இங்கேதான். தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தொலைக்காட்சி அரங்கில் சம்பளம் பற்றிக் கேட்ட ஒரு செவிலியரிடம், உலுக்கினால் பணம் கொட்டும் மாய மரம் எதுவும் இல்லை என்று மே சொல்லியிருந்தார். பணம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று நாம் சொல்வோமே, அதேதான். பிறகு, பத்து உறுப்பினருக்கு 100 கோடி என்றால் தலைக்குப் பத்துக் கோடி என்று ஊரே கணக்குப் போட்டது. அந்தச் செவிலியரின் முகத்தை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தக் கோபத்தின் நியாயம் புரியும்.

அரசு தொங்கலில் கிடந்ததால், புதிய அரசின் திட்டங்களை அவையில் படிக்கும் அரசியின் உரையும் தள்ளிப்போனது. அந்த உரையை எழுதும் தடித்த தாளுக்கு 'ஆட்டுத்தோல் தாள்' என்று பெயர். உண்மையில் தோல் இல்லை. மை காய நாள்கணக்கில் ஆகும் என்பதால், கடைசி நிமிடத்தில் திருத்த முடியாதாம். ஜூன் 21-ல் எலிசபெத் அரசி மகுடம் இல்லாமல், நீலத் தொப்பி அணிந்து வந்தார். அதில் மஞ்சள் நடுவோடு நீலப் பூக்கள். பார்த்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடி நினைவுக்கு வந்தது. அரசி என்ன நினைத்து அணிந்தாரோ, மக்கள் அதில் ஒரு செய்தியைப் படித்துவிட்டார்கள்.

அப்புறம் 'பிரெக்சிட்'. கிரீஸ் யூரோவை விட்டுப் போகுமா என்ற பேச்சில் 2012 தொடக்கத்தில் 'கிரெக்சிட்' பிறந்தது. அதைப் பார்த்து அதே ஆண்டு மே மாதம் பிரிட்டன் வழக்கறிஞர் பீட்டர் வைல்டிங் 'பிரெக்சிட்' என்று எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அவரைத்தான் முதலாவதாகக் காட்டுகிறது. தமிழில் 'வெளியேற்றம்' என்று எழுதுகிறார்கள். அதில் யாரோ பிடித்து வெளியே தள்ளியது போன்ற தொனி வருகிறது. வாக்குச்சீட்டில் இருந்தது 'வெளியேறு' என்ற வினை, ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவில் இருப்பதோ 'விலகு' என்ற வினை. உறுப்பு நாடு தன் விருப்பத்தில் விலகியது என்பதால் 'பிரிட்டன் விலகல்' என்பதுதான் பொருத்தம். 51.9-க்கு 48.1 என்று நாடு இரண்டாகப் பிளந்த முடிவு அது.

இப்போது 'தொங்கு' மேல் என் மனக்குறை. இந்தச் சொல்லைக் கேட்டால் அவை செயலிழந்து கிடப்பதாகத் தோன்றுகிறது. 2017-ல் அமைந்த அவை அப்படியா இருந்தது? 2019 ஜனவரி 15-ல் மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை 432-க்கு 202 என்று தோற்கடித்தது. நவீன காலத்தில் ஓர் அரசு கண்ட மிகப் பெரிய தோல்வி. மார்ச்சில் மறுபடி இரண்டு முறை தோற்கடித்தது. அதே மார்ச் 27-ல் எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டு, எட்டையும் நிராகரித்தது. விலகலையே ரத்து செய்யக் கோரிய மனுவில் 60 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். இன்னொரு பக்கம், வாக்களித்தோமே, முடித்துத் தொலையுங்கள் என்று பொறுமை இழந்தவர்களும் ஏராளம். மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன் ஐந்து வாரம் அவையைக் கூட விடாமல் வைத்தபோது, வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்றார்கள். தொங்கியது அரசு. நாட்டின் முடிவும் தொங்கியது. அவை விழித்துக்கொண்டுதான் இருந்தது. சரியோ தவறோ, உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் அங்கே எடை இருந்தது.

அதனால் வேறொரு சொல்லைப் பழக்கப்படுத்தலாம் என்று தோன்றுகிறது. புதிதாக வார்க்க வேண்டியதில்லை. 'அறுதிப் பெரும்பான்மை' என்பதில் இருக்கும் 'அறுதி'யே போதும். அறுதி என்றால் முடிவு, எல்லை. அறுதியிட்டுச் சொல்வது என்றால் முடிவாகச் சொல்வது. எனவே 'அறுதியிலா அவை'. யாருக்கும் முடிவான பெரும்பான்மை இல்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. அவை கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. சட்டமன்றத்துக்கும் பொருந்தும், மாநகராட்சிக்கும் பொருந்தும். பேச்சில் 'தொங்கு' இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்தில் இதை முயன்று பார்க்கலாம். 2017 ஜூன் 9 காலைத் தலைப்பை அந்த முறையில் எழுதினால் இப்படி வரும்: 'பிரிட்டனில் அறுதியிலா அவை, மேயின் கட்சிக்கு 317'.