கடிக்காத கொசுவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்

கைரோனோமஸ் ப்ளூமோசஸ் (லின்னேயஸ், 1758). கடிக்காத ஒரு கொசுவின் முழுப் பெயர் இது. பேச்சுக்குத்தான் கொசு, கொசுக் குடும்பத்தில் இது சேராது. ரத்தம் உறிஞ்சும் ஊசிவாய் இதற்குக் கிடையாது, சிறகில் கொசுவுக்கு இருக்கும் செதில்களும் இல்லை. மீன்தொட்டிக்காகக் கடையில் வாங்குகிறோமே சிவப்பு ரத்தப் புழு, அது இந்த வகைப் பூச்சிகளின் இளம்பருவம்தான்.

அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் அடைப்புக்குறியைப் பாருங்கள். ‘முதலில் பெயர் வைத்தவர் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ், ஆனால் அவர் உட்கார வைத்த இடத்தில் இது இப்போது இல்லை’ என்று அதற்குப் பொருள். ஓர் இனம் ஒரு பேரினத்திலிருந்து (நெருங்கிய இனங்களின் தொகுதி, பெயரின் முதல் சொல் அதைத்தான் குறிக்கிறது) இன்னொன்றுக்கு மாற்றப்பட்டால்தான் விலங்கியல் விதிப்படி பெயரிட்டவரைச் சுற்றி அடைப்புக்குறி விழும்.

லின்னேயஸ் வைத்த பெயர் டிப்புலா ப்ளூமோசா. நீண்ட கால், ஒல்லி உடம்பு, கடிக்காத சுபாவம்: இவ்வளவு ஒற்றுமை 1758இல் போதுமானதாக இருந்தது. சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் பெரிய நெட்டைக்கால் ஈக்களோடு இதையும் சேர்த்துவிட்டார். உற்றுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. நெட்டைக்கால் ஈயின் முதுகில் ‘வி’ வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். நம் பூச்சிக்கு அது இல்லை. இதன் நெஞ்சின் பின்பகுதியில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். சிறகு நரம்புகளும் குறைவு. ஆணின் உணர்கொம்பு இறகு போலப் புசுபுசுவென்று இருக்கும். ப்ளூமோசா என்றால் இறகுடையது.

1803இல் மைகன் என்ற ஜெர்மானியர் கைரோனோமஸ் என்று தனிப் பேரினம் அமைத்தார். கையசைவால் கதை சொல்லும் நடிகனுக்குக் கிரேக்கத்தில் அந்தப் பெயர். உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பூச்சி முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டுவதைப் பார்த்தால், அபிநயம் பிடிக்கிறது என்றுதான் நமக்கும் தோன்றும். இடம் மாறியதில் பெயரின் விகுதியும் மாறியது. லத்தீனில் டிப்புலா பெண்பால், கைரோனோமஸ் ஆண்பால். ‘நல்லவள்’ ‘நல்லவன்’ ஆவது போல ப்ளூமோசா ப்ளூமோசஸ் ஆயிற்று.

சரி, இன்று இப்படி ஒரு இடமாற்றம் எப்படி நடக்கிறது? சில மில்லிமீட்டர் பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைப்பார்கள். சதை கரைந்து, கண்ணாடி போன்ற கூடு மட்டும் மிஞ்சும். அப்புறம் சிறகு, கால், தலை, வயிறு என்று பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். பெரும்பாலும் தீர்ப்பு சொல்வது ஆணின் வயிற்று நுனி. இணை சேரும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு ஜோடிக் கவ்வி உண்டு. கைரோனோமஸ் இருக்கும் துணைக்குடும்பத்தில் கவ்வியின் நுனித்துண்டு விறைப்பாகப் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்த்தோகிளாடியினே என்ற பக்கத்துத் துணைக்குடும்பத்திலோ பேனாக்கத்தி போல உள்பக்கம் மடங்கும். ஏற்கெனவே பெயருள்ள ஒரு பூச்சியில் இந்த மூட்டு எதிர்பாராத மாதிரி அமைந்திருந்தால், அதன் முகவரியைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

ஆனால் ஓர் உறுப்பை வைத்து மட்டும் ஆர்டர் போட்டுவிட முடியாது. புழுவின் தலைக்கு அடியில் இருக்கும் பல்வரிசைத் தகடு, கூட்டுப்புழு உரித்துப்போட்ட தோல், எல்லாம் ஒரே திசையில் கைகாட்ட வேண்டும். அதற்காகவே ஒற்றைப் புழுவைக் குப்பியில் வளர்த்து, அது கழற்றும் தோல்களையும் கடைசியில் பறந்து வரும் பூச்சியையும் சேர்த்தே பாதுகாக்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. குளத்திலிருந்து அள்ளிய புழுவும் விளக்கடியில் பிடித்த பூச்சியும் ஒரே இனம்தான் என்று காட்ட இதைவிட நம்பகமான வழி ரொம்ப நாள் இருக்கவில்லை.

சில சமயம் உடற்கூறும் கைவிரிக்கும். அப்போது புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் திறப்பார்கள். பிரதிமேல் பிரதியாகத் தடித்துப்போன ராட்சதக் குரோமோசோம்கள் அங்கே குறுக்குப் பட்டைகளோடு கிடக்கும். 1881இல் பால்பியானி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அவற்றை முதன்முதலில் கண்டதும் கைரோனோமஸ் புழுவில்தான். ஐரோப்பாவின் கைரோனோமஸ் டென்டன்ஸ் வட அமெரிக்காவிலும் இருப்பதாகப் பல காலம் நம்பினார்கள். அமெரிக்க ஆய்வகங்களில் சேற்றின் நச்சுத்தன்மையைச் சோதிக்க அந்தப் பெயரிலேயே புழுக்களை வளர்த்தார்கள். பட்டைகளை ஒப்பிட்டபோது கண்டங்கள் இரண்டிலும் இருப்பவை வேறு வேறு இனங்கள் என்று தெரிந்தது. 1999இல் அமெரிக்க இனத்துக்குக் கைரோனோமஸ் டைல்யூட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். தொட்டியில் அதே புழுக்கள், அதே சோதனை. மாறியது லேபிள் மட்டும். டைல்யூட்டஸ் இன்னும் பிறந்த பேரினத்திலேயே இருப்பதால், அதற்குப் பெயர் வைத்தவர்களைச் சுற்றி அடைப்புக்குறி இல்லை.