எக்ஸ், ஒய் இல்லாமல் சில்லறைக் கணக்கு

'உண்டியலில் 2 ரூபாயும் 5 ரூபாயுமாக 20 நாணயங்கள். மொத்தம் 64 ரூபாய். எது எத்தனை?'

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கோடு வந்தால், அப்பாவோ டியூஷன் அக்காவோ உடனே எக்ஸ், ஒய் எழுதிக் காட்டிவிடுகிறார்கள். விடை வந்துவிடும், பிள்ளைக்கு எதுவும் புரிந்திருக்காது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவள் நான். பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன், அந்த அவசரம் வேண்டாம்.

இருபதுமே 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 40 ரூபாய்தான் ஆகிறது, 24 குறைகிறது. ஒரு 2 ரூபாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 5 ரூபாய் வைத்தால் தொகை 3 கூடும். 24 கூட, எட்டு முறை மாற்ற வேண்டும். சரி, 5 ரூபாய் 8, 2 ரூபாய் 12. பேனாவே தேவையில்லை.

ஆனால் முதல் சில தடவை நிஜக் காசைத் தரையில் பரப்பித்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது பெருக்கலில் இல்லை. 'எத்தனை காசு', 'எவ்வளவு ரூபாய்' இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். கையால் மாற்றி வைக்கும்போதுதான் எண்ணிக்கை அப்படியே இருக்க, தொகை மட்டும் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் போனை நீட்டிப் பணம் கட்டும் வீடுகளில் பிள்ளைகள் காசைத் தொடுவதே குறைந்துவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. கடைக்காரர் வாங்க மறுத்த 10 ரூபாய் நாணயங்கள் வீட்டில் கிடந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். (அவை செல்லும். 14 வடிவங்களும் செல்லுபடியாகும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.)

போச்சம்பள்ளிச் சந்தையில் அம்மாவோடு கடையில் உட்காரும் பிள்ளையைக் கவனியுங்கள். 37 ரூபாய்க்கு வாங்கியவர் 50 ரூபாய் நோட்டு நீட்டினால் அது கழிக்காது. 37-லிருந்து 3 போட்டு 40, இன்னும் 10 போட்டு 50 என்று 13 ரூபாயைக் கையில் கொடுத்துவிடும். அதே பிள்ளை நோட்டில் 50-லிருந்து 37-ஐக் கழிக்கும்போது, 0-வில் 7 போகாது என்று திருப்பிக் கழித்து 27 என்று எழுதும். வகுப்பில் அந்தச் சந்தைக் கணக்கை ஏன் ஒதுக்குகிறோம்? அதையே முதலில் சொல்லவிட்டு, கடன் வாங்கிக் கழிப்பதை அப்புறம் காட்டலாம்.

கொஞ்சம் தேறியவர்களிடம் அதே உண்டியலில் 63 ரூபாய் என்று மாற்றிக் கேளுங்கள். 23 குறையும், அது மூன்று மூன்றாகப் பிரியாது. அப்படி ஓர் உண்டியலே இருக்க முடியாது என்று பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.