நாயனாரின் வெள்ளாவி

சோப்பு வருவதற்கு முன்னால் நம் ஊரில் வேட்டியை எப்படி வெளுத்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சீயக்காய், பூந்திக்கொட்டை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். தலைமுடிக்கும் பட்டுக்கும் அவை சரி. நாளெல்லாம் வயலில் நின்றவரின் வேர்வை ஊறிய பருத்தித் துணி அதற்கெல்லாம் மசியாது. எனக்குத் தெரிந்த நல்ல பதில் பெரியபுராணத்தில் இருக்கிறது.

கதை தெரிந்ததுதான். திருக்குறிப்புத்தொண்ட நாயனார் காஞ்சிபுரத்துக்காரர். அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதே அவர் தொண்டு. குளிர்காலத்தில் ஒரு நாள் சிவபெருமான் மெலிந்த அடியாராக, அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. வெளுத்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. சொன்ன சொல் போயிற்றே என்று நாயனார் துவைகல்லிலேயே தலையை மோத, ஒரு கை எழுந்து அவரைப் பிடிக்கிறது.

அந்தக் கையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என் கண் நின்றது அதற்குச் சற்று முன்னால். துறையில் நாயனார் செய்ததைச் சேக்கிழார் 'மாசெறிந்து மிகப்புழுக்கி' என்கிறார். அதற்கப்புறம்தான் நாயனார் துணியை 'ஒலிக்க'ப் போகிறார். ஒலித்தல் என்றால் பழந்தமிழில் துவைத்து வெளுத்தல். ஆக, முதலில் அழுக்கை அடித்துப் போக்குவது, பிறகு நெல்லைப் புழுக்குவதுபோலத் துணியைப் புழுக்குவது, கடைசியில் கல். நடுவில் இருக்கிறதே, அதுதான் வெள்ளாவி.

அற்புதத்தைப் பாடும்போது புலவர் என்ன வேண்டுமானாலும் பாடலாம். சலவையை அப்படிப் பாட முடியாது. கேட்பவர் ஒவ்வொருவர் வீட்டிலும் துணி வெளுக்கிறது. முறை தப்பினால் சிரித்துவிடுவார்கள். அடியார் வரலாறுகளைச் சமூக வரலாற்றுக்குப் பயன்படுத்துகிறவர்கள் இப்படிப் போகிறபோக்கில் வந்து விழும் சொற்களைத்தான் நம்புகிறார்கள். ஆனால் ஒன்று: இது நாயனார் காலத்துச் சாட்சி ஆகாது. முன்பே பாடிய சுந்தரர் அவர் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். புழுக்கியது சேக்கிழார் கண்ட 12-ஆம் நூற்றாண்டுத் துறை.

சின்ன வயதில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நான் வெள்ளாவி பார்த்திருக்கிறேன். உவர்மண் கரைத்த நீரில் துணிகளை முக்கிப் பிழிந்து, அடுப்பில் பதித்த பெரிய பானையின் வாய்க்கு மேல் கோபுரம்போல அடுக்கி மூடிவிடுவார்கள். அந்தியில் வைத்த தீ இரவெல்லாம் எரியும். விடிந்து மூடியை எடுத்தால் ஆவியோடு ஒரு காட்டமான வாடை வரும். மேல்துணியைத் தூக்கினால் பழுப்பாக ஒரு சாறு வழியும். தொட்டுப் பார்த்தேன், விரல் வழுக்கிற்று. அந்த வழுக்கல் என்ன என்று புரியப் பல வருடம் ஆனது. அது சோப்பு.

யாரும் அதில் சோப்புப் போடவில்லை. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட், மற்றபடி உப்பு, மண். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்பது பள்ளிப் பாடம். இங்கே கொழுப்பு எங்கிருந்து வந்தது? துணியை உடுத்தியவரின் தோலிலிருந்து. நம் தோல் கசியும் எண்ணெயைத் தோல்மேல் வாழும் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அமிலம் காரத்தைக் கண்டால் விடுமா? அங்கேயே, நூலிழைக்குள்ளேயே, சோப்பாகிவிடுகிறது. உடையாமல் மிஞ்சிய கொழுப்பைச் சூடு பார்த்துக்கொள்ளும். அழுக்கில் ஒரு பகுதியே சோப்பாக மாறி மற்ற அழுக்கை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் அலுப்பு வருவதில்லை.

சரி, கொதிநீரில் போட்டு வேகவைத்தால் போதாதா, ஆவி எதற்கு? அண்டா நிறையத் தண்ணீரில் காரம் நீர்த்துப்போகும். பிழிந்து அடுக்கிய துணியில் அது கெட்டியாக இழையோடு ஒட்டி நிற்கும். ஒரு கிராம் கொதிநீர் 30 டிகிரிக்கு ஆறும்போது தருவது 70 கலோரி. ஒரு கிராம் ஆவி துணியில் படிந்து நீராகும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் வினை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 30 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையே 128 மடங்கு. அதைவிட அழகான ஒன்று: சூட்டில் பைகார்பனேட் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்பனேட் ஆகிவிடும். அதாவது சாந்தமான காரம் அடுப்பேறியதும் முரட்டுக் காரமாகிறது. துணியோ 100 டிகிரியைத் தாண்டாது, கருகாது.

பிறகு கல், பிறகு வெயில். ஈரத்துணியில் புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து கறையின் நிறத்தை உடைக்கின்றன. மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதும் வெயிலில் கிடந்தால் மறைவதும் எல்லோரும் பார்த்ததுதான். நாயனாரின் மழை உலர்த்துவதை மட்டுமா கெடுத்தது? வெளுப்பதில் கடைசி வேலையையும் சேர்த்தே கெடுத்தது.

இந்த அறிவு சேக்கிழாருக்கும் மிக முந்தையது. புறநானூற்றின் 311-ஆவது பாட்டில் ஔவையார், துணி வெளுக்கும் புலைத்தி களர்நிலத்தில் தோண்டிய கிணற்றைக் காட்டுகிறார். குடிக்க ஆகாத நீருக்கு ஏன் கிணறு? களர்நீரில் சோடா, அதாவது உவர்மண்ணில் இருக்கும் அதே சோடியம் கார்பனேட், உண்டு. துவைப்பதற்கு இடைஞ்சலான சுண்ணாம்புச் சத்து அதில் முன்பே படிந்து பிரிந்துவிடுவதால் அது மென்னீரும்கூட. உழவன் கைவிட்ட நிலம் அந்தப் பெண்ணுக்கு வேதியியல் கிடங்கு.

கல்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டில், ஊரின் வரிகளில் ஒன்றாக 'வண்ணாரப்பாறை' வருகிறது. துவைகல்லுக்கு வரி! புராணத்தில் கை முளைத்த கல்லும் அரசின் பட்டியலில் காசு முளைத்த கல்லும் ஒரே ஜாதிக் கல். பக்தியும் வருவாயும் அந்தக் கல்லைப் பார்த்தன; காரம் தின்று வெடித்த கைகளுக்கு எந்தச் செப்பேட்டில் இடம் கிடைத்தது என்று தெரியவில்லை.

எகிப்தியர் பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்திய நேட்ரானும் இந்தச் சோடாக் குடும்பம்தான். அதைப் பற்றி ஆராய்ச்சி குவிந்து கிடக்கிறது. பழைய பெருமையை விண்கலம், அணு என்று தேடுகிறவர்களுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு துளியை, வெள்ளாவி வைத்த கடைசித் தலைமுறையிடம் போய் எந்தக் கரையில் எந்த மாதம் எந்த மண் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளச் செலவிடலாம். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

வாசகர் இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் சலவைச் சோடாவும் இட்லிப் பானையும் ஒரு பழைய பருத்தித் துண்டும் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியப் பானை வேண்டாம், காரம் அதை அரித்துவிடும். காஞ்சிபுரம் என்றதும் பட்டுப்புடவை நினைவுக்கு வந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பட்டு புரதம். சூடான காரத்தில் அது கெட்டுப்போகும்.