பித்தப்பை அறுவையில் கண் ஏமாறும் இடம்

பித்தப்பையை அகற்றும்போது அரிதாக ஒரு விபரீதம் நடக்கும். வெட்ட வேண்டிய சின்னக் குழாயை விட்டுவிட்டு, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தையே மருத்துவர் வெட்டிவிடுவார். அதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை வேண்டும். சிலருக்குக் கல்லீரலே கெட்டுப்போகும். கேட்டவுடன் கை நடுங்கியிருக்கும், அனுபவம் போதாது, அலட்சியம் என்றெல்லாம்தான் தோன்றும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இப்படி நேர்ந்த 252 காயங்களின் அறுவைக் குறிப்புகளையும் கிடைத்த வீடியோக்களையும் அலசி, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 97 சதவீதத் தவறுகளுக்கு முதன்மைக் காரணம் காட்சி மயக்கம். கைத்திறன் குறைபாடு தெரிந்தது 3 சதவீதத்தில்தான்.

லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில், மருத்துவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் இது புரியும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி உப்ப வைக்கிறார்கள். தொப்புள் அருகே ஒரு துளை வழியாகக் கேமரா போகிறது. வேறு சில துளைகள் வழியாக நீளமான கருவிகள். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, மானிட்டரைப் பார்க்கிறார். பெரும்பாலும் அது தட்டையான படம், ஆழம் தெரியாது. விரலால் தொட்டு, இது கெட்டியா மெத்தென்று இருக்கிறதா, உள்ளே துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, கருவி வயிற்றுச் சுவரில் ஊன்றித் திரும்புவதால், கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். படகுத் துடுப்பு மாதிரி. துடுப்பாவது கண்ணெதிரே இருக்கும்.

1985இல் ஜெர்மனியின் எரிச் மியூஹே இந்த முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றால் யார்தான் பெரிய வெட்டைக் கேட்பார்கள்? பழைய முறையில் பல வருடம் கைதேர்ந்தவர்கள் வாரக் கடைசிப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து புதிய முறையைத் தொடங்கினார்கள். திறந்து செய்த காலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டாக இருந்த பித்தநாளக் காயம், ஆரம்ப ஆண்டுகளில் பல மடங்கு கூடியது.

கண் ஏமாறுவது எங்கே? பித்தப்பை கல்லீரலுக்கு அடியில் தொங்குகிறது. அதிலிருந்து வரும் சின்ன நாளம், கல்லீரலிலிருந்து இறங்கிவரும் நாளத்தோடு சேர்கிறது. சேர்ந்த பிறகு அதுதான் பொதுப் பித்தநாளம். படத்தில் வரைந்தால் அழகான ஒரு கவட்டை. அறுவையின்போது வேலை செய்ய இடம் வேண்டும் என்று பித்தப்பையைப் பிடித்து மேலே இழுப்பார்கள். சின்ன நாளம் குட்டையாக இருந்தாலோ, அழற்சியில் பக்கத்து நாளத்தோடு ஒட்டிக்கிடந்தாலோ, இழுத்த இழுப்பில் கவட்டை நிமிர்ந்துவிடும். பொதுப் பித்தநாளம் நேராகப் பித்தப்பைக்குள் போவதுபோலவே தெரியும். கல்லீரலிலிருந்து வரும் கிளை கொழுப்புக்குப் பின்னால் மறைந்துகொள்ளும்.

மூளை இதைப் பார்த்து ஒரு நொடியில் முடிவுகட்டிவிடுகிறது. அதற்கப்புறம் வருவதையெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும். குழாய் தடிமனாக இருக்கிறதா, அழற்சியால் வீங்கியிருக்கும். எதிர்பாராத இடத்தில் பித்தநீர் கசிகிறதா, ஏதோ கூடுதல் நாளம். அந்த 252 பேரில் பெரும்பாலோருக்கு, தவறு நடந்தது மருத்துவருக்கு அப்போது தெரியவே இல்லை. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு கவனமாக உற்றுப் பார்த்தாலும் காட்சி மயக்கம் கலைவதில்லை.

உற்றுப் பார்ப்பதால் பயனில்லை என்றால், நம்பும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 1995இல் ஒரு நிபந்தனை வைத்தார். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பையும் நாரையும் முழுக்க நீக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, அதன் படுகை தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு, ஒரு நாளமும் ஒரு தமனியும் என்று தெளிவாகக் காண வேண்டும். மூன்றும் ஆகாமல் எதையும் வெட்டக் கூடாது. இதில் குழாயைப் பார்த்து ‘இதுதான் அது’ என்று அடையாளம் சொல்லும் வேலையே கிடையாது. வேறு எதுவாகவும் இருக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கத்தரி. அழற்சி முற்றி அந்த நிலை கிட்டாவிட்டால், பித்தப்பையின் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கை பழக்கம் முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். கருவியின் முனை எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்குப் படத்தைச் சந்தேகிக்க மூளையில் இடம் மிஞ்சாது. அந்த அடிப்படையை நோயாளியின் உடம்புக்கு வெளியே கற்றுக்கொள்ளத்தான் சிமுலேட்டர்கள் வந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனை இதில் முக்கியமானது. பாதிப் பேர் வழக்கமான பயிற்சியோடு கணினிச் சிமுலேட்டரிலும் பழகினார்கள். இத்தனை மணி நேரம் என்று கணக்கில்லை. தேர்ந்த மருத்துவர்கள் எடுத்த அளவை எட்டும்வரை பழக வேண்டும். அப்புறம் எல்லோரும் மூத்தவர் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளுக்குப் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாதவர்கள் வீடியோவைப் பார்த்து மதிப்பிட்டார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ மின்சூட்டுக் கருவியால் வேறு திசுவைச் சுட்டுவிடவோ இருந்த வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம். அந்தச் சிமுலேட்டரின் திரையில் ஓர் உறுப்புகூட இல்லை, உருண்டைகளும் பெட்டிகளும்தான். பார்க்க உடம்பு மாதிரி இருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் வீண் என்றுதான் எனக்குப் படுகிறது. (2007இல் 33 மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முன்பு வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் விளையாடியவர்கள் லேப்ராஸ்கோபிப் பயிற்சிகளில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். விளையாட்டு திறமையைத் தந்ததா, திறமையுள்ளவர்கள் விளையாட்டுக்குப் போனார்களா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.)

எப்போது பழகுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. டொரொன்டோவில் 38 இளம் மருத்துவர்களுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு நான்கு வகுப்பும் ஒரே நாளில்; இன்னொன்றுக்கு வாரம் ஒன்றாக. 2006இல் வந்த முடிவுப்படி, ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களே நன்றாகத் தைத்தார்கள். வாரக் கடைசி வகுப்பில் ஏன் ஆபத்து இருந்தது என்பதற்கு இது ஒரு பாதி விளக்கம்.

திறமை என்பது உண்மையிலேயே நோயாளியிடம் தெரிகிறதா? மிச்சிகனில் உடல்பருமனுக்கான அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் ஆளுக்கு ஒரு வீடியோவைத் தாங்களே தேர்ந்து கொடுத்தார்கள். பெயர் தெரியாமல் சக மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால்பங்கினரின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. முதல் கால்பங்கினரிடம் 5.2 சதவீதம். 2013இல் வெளியானது இது. கொடுத்த வீடியோ அவர்களே தேர்ந்தெடுத்தது என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது அறுவை நடக்கும்போதே கண்ணுக்குத் துணை தேட முயல்கிறார்கள். தேர்ந்த மருத்துவர்கள் கோடு போட்டுக் குறித்த படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, இந்தப் பகுதி பாதுகாப்பு, இந்தப் பகுதி ஆபத்து என்று திரையிலேயே நிறம் தீட்ட வைக்கிறார்கள். ஆனால் கணினியும் மனிதரை ஏமாற்றிய அதே தட்டையான படத்தைத்தான் பார்க்கிறது. இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் வேறு வழியில் போகிறது. ரத்தத்தில் செலுத்தினால், கல்லீரல் அதைப் பித்தநீரில் கழித்துவிடும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைக் காட்டினால் நாளங்கள் ஒளிரும். எதையும் வெட்டுவதற்கு முன்பே கவட்டை எங்கே என்று தெரியும். இதில் ஊகமே இல்லை. ஒரு தொல்லை, அந்த ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் ஊடுருவும். கொழுப்பு தடித்து, அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடக்கும் வயிற்றில், உதவி அதிகம் தேவைப்படும் அதே இடத்தில், ஒளி மங்கிவிடுகிறது. அங்கே இன்னமும் ஸ்ட்ராஸ்பர்க்கின் மூன்று நிபந்தனைகள்தான்.